சோள நொய்க் கஞ்சியும் இறால் தொக்கும்: அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஆயாவின் மழைக்காலச் சாப்பாடு!

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் முதலில் நின்றுபோவது தறிச் சத்தம்தான். குழித்தறியின் பள்ளத்தில் நீர் சுரந்துவிடும். பாவில் ஈரம் ஏறி, இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்பா தறியை பிளாஸ்டிக் தாளால் போர்த்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருப்பார். நெய்தால்தான் கூலி. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் கறி, மீன் என்ற பேச்சே இருக்காது.

அப்போதெல்லாம் ஆயாதான் கைகொடுப்பார். நொய்யரிசியைக் குழையக் குழையக் கஞ்சியாக வேகவைத்து, பக்கத்திலேயே ஒரு வாணலியில் சென்னாக்கூனியை வறுப்பார். சென்னாக்கூனி தெரியாதவர்களுக்கு: விரல் நகத்தைவிடச் சிறிய கூனி இறாலை வெயிலில் காயவைத்து விற்பார்கள், அதுதான். சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்த்து அது வறுபடும் வாசனை நாலு வீடு தாண்டிப் போகும். சுடச்சுடக் கஞ்சி, மேலே ஒரு கை சென்னாக்கூனி. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழுக்கு எப்படிக் கருவாட்டுக் குழம்போ, அப்படி எங்கள் வீட்டு மழைக் கஞ்சிக்குச் சென்னாக்கூனி.

போன வருஷம் அதற்கும் தடை வந்தது. ஆயாவுக்குப் பிரஷர் ஏறி இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். கிளம்பும்போது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "பாட்டி, கருவாடு சாப்பிடுவீங்களா?" என்பதுதான். ஆயா பெருமையாகத் தலையாட்டினார். அவ்வளவுதான். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன. பெரியவர்கள் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. ஆயாவின் பழைய கணக்கில் அது காலை டிபனுக்கே போதாது.

வீட்டுக்கு வந்த ஆயா சண்டை ஒன்றும் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பசிக்கலடி" என்று சொல்லிவிட்டு இரண்டு வாய் சாதத்தோடு எழுந்துவிடுவார். பல்லும் பாதி போய்விட்டது. ஒரே மாதத்தில் ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. நான் வேலைக்கு இருப்பது சென்னையில். வாரக்கடைசியில் வரும்போதெல்லாம் ஆயா இன்னும் கொஞ்சம் சிறுத்திருப்பது எனக்குத்தான் முதலில் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மா மகள், எங்கள் அக்கா, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டாள். வெள்ளைக் கிண்ணம், உள்ளே கெட்டியான மஞ்சள் கஞ்சி, மேலே சிவந்த இறால், அதற்கு மேல் வெங்காயத்தாள். கீழே ஒரு வரி: "ஆயாவோட கஞ்சி இங்க ஓட்டல்ல விக்கிறாங்க!"

'கிரிட்ஸ்' என்றால் நொய்தான்

அக்கா சாப்பிட்டதன் பெயர் ஷ்ரிம்ப் அண்ட் கிரிட்ஸ். ஷ்ரிம்ப் இறால். கிரிட்ஸ் வேறொன்றுமில்லை, மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்துக் காய்ச்சிய கஞ்சி. அந்த மண்ணின் பூர்வகுடி மக்களிடமிருந்து வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்ட உணவு அது. சோள மணிகளைச் சாம்பல் நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ ஊறவைத்து, தோல் நீக்கி உடைப்பதும் ஒரு பழைய முறை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் நமக்கு இட்லி எப்படியோ அப்படி. ஜார்ஜியா மாநிலம் 2002-ல் கிரிட்ஸைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது.

இறால் எப்படி வந்து சேர்ந்தது? தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய கழிமுகப் பகுதிகளில், விடிகாலையில் வலையில் விழுந்த சின்ன இறாலைக் கொஞ்சம் வெண்ணெயில் பிரட்டிக் கஞ்சியில் கொட்டிச் சாப்பிடுவது மீனவர்களின் காலை உணவு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்களின் கைப்பக்குவம் அந்தக் கடலோரச் சமையல் முழுக்க இருக்கிறது. சுருக்கமாக, ஏழைகளின் சாப்பாடு.

அதை ஓட்டல் மேஜைக்கு ஏற்றியவர் பில் நீல் என்ற சமையல்காரர். வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் 'க்ரூக்ஸ் கார்னர்' என்ற அவருடைய உணவகத்தில் சீஸ், பன்றிக்கொழுப்பு, காளான், பூண்டு எல்லாம் சேர்த்துப் பரிமாறினார். 1985-ல் நியூயார்க் டைம்ஸ் உணவு எழுத்தாளர் கிரெய்க் க்ளெய்போர்ன் அதைப் பற்றி எழுதியதும் நாடு முழுக்கப் பரவிவிட்டது. அந்த உணவகம் 2021-ல் மூடப்பட்டது. பண்டம் மட்டும் மெனு கார்டுகளில் நின்றுவிட்டது.

இதையெல்லாம் நான் படித்துச் சொன்னபோது ஆயா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அதுல கருவாடு இல்லியா?"

இல்லை. பச்சை இறால்தான். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஆயாவுக்குத் தடை உப்புக்குத்தானே தவிர இறாலுக்கு இல்லையே! போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். உப்பைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்து, வாரத்துக்கு ஒரு நாள் என்றால் சரி என்றார். (உங்கள் வீட்டில் சிறுநீரகம், இதயம், கொலஸ்ட்ரால் என்று எதற்காவது மருந்து எடுப்பவர்கள் இருந்தால் நீங்களும் கேட்டுவிடுங்கள். இறாலில் கொழுப்பு குறைவு, கொலஸ்ட்ரால் குறைவில்லை.)

கடல் இல்லாத மாவட்டத்தில் இறால் வாங்குவது

ஒரு காலத்தில் கோவளமும் மாமல்லபுரமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்தபோது கடற்கரை மொத்தமும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. ஆக, எங்கள் மாவட்டத்துக்கு இப்போது ஏரி உண்டு, பாலாறு உண்டு, கடல் கிடையாது. இறால் வண்டியில் ஐஸ் பெட்டியோடுதான் வர வேண்டும். அதனால் பார்த்து வாங்குவது முக்கியம்.

ஓடு பளபளவென்று இருக்க வேண்டும். தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தொட்டதும் தொங்கினால் பழசு. கடல் வாசனை வரலாம், மூக்கைக் குத்தும் நெடி வந்தால் நகர்ந்துவிடுங்கள். தலை கறுத்துப்போயிருந்தாலும் வேண்டாம். உறைந்த இறால் பாக்கெட் வாங்குபவர்கள் பின்பக்க அட்டையில் சோடியம் அளவைப் பாருங்கள். சில பாக்கெட்டுகளில் இறாலை உப்புக் கரைசலில் போட்டிருப்பார்கள். ஆயாவைப் போன்றவர்களுக்கு அது வந்த வழியே போன கதையாகிவிடும்.

கடையில் பெரும்பாலும் கிடைப்பது பண்ணையில் வளர்ந்த வனாமி. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரை. 2009-ல்தான் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. இன்று அமெரிக்காவுக்கு மிக அதிகமாக இறால் அனுப்பும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று, அதிலும் பெரும்பங்கு ஆந்திரப் பண்ணைகளுடையது. அக்கா சார்லட்டில் சாப்பிட்ட 'அமெரிக்கத் தென்மாநில ஸ்பெஷல்' இறால், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியதாகக்கூட இருக்கலாம். இதைச் சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது!

அடுத்தது சோள ரவை. இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் போய் வெறுமனே 'சோள ரவை' என்று கேட்டால் வெள்ளைச் சோள ரவையைக் கொடுப்பார்கள். 'சோள மாவு' என்றால் சூப்பில் கலக்கும் கார்ன்ஃப்ளோர் வரும், அது பசை மாதிரி ஆகிவிடும். 'மக்காச்சோள ரவை' என்று அழுத்திக் கேளுங்கள். சிறுதானியக் கடைகளில் கிடைக்கிறது. பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் மக்காச்சோளம்தான் விளைகிறது, ஆனால் நம் ஊரில் அதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது. கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், அரிசி நொய் போதும். உண்மையில் எனக்குப் பிடித்தது இரண்டையும் பாதிப்பாதி சேர்ப்பது. சோளத்தின் இனிப்பும் இருக்கும், அரிசியின் குழைவும் இருக்கும்.

அடுப்பை மூட்டலாமா?

நான்கு பேருக்கு இது போதும்: தலை, ஓட்டோடு இறால் அரைக் கிலோ (சுத்தம் செய்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்), மக்காச்சோள ரவை அல்லது நொய் 1 கப், பால் 1 கப், சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், தக்காளி 2, சோம்பு அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், பொடித்த மிளகு 1 டீஸ்பூன், நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், நெய் 2 டீஸ்பூன், எலுமிச்சை அரை மூடி, கறிவேப்பிலை, வெங்காயத்தாள் கொஞ்சம், உப்பு மொத்தத்துக்கும் முக்கால் டீஸ்பூன். உப்புத் தடை இல்லாத வீடுகளில் கஞ்சியில் இரண்டு சீஸ் க்யூப் துருவிப் போடலாம், குழந்தைகள் கிண்ணத்தை நக்கிவிடுவார்கள்.

இறாலின் தலையையும் ஓட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தச் சமையலின் உயிரே அதில்தான் இருக்கிறது. முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, சதையைக் கழுவி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிரட்டி ஓரமாக வையுங்கள். நன்றாகக் கழுவிய தலை, ஓடுகளை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சிவக்க வறுங்கள். நாலு கப் தண்ணீர் ஊற்றி, 15 நிமிஷம் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு இறங்கும். ஏதாவது பழகிய வாசனை வருகிறதா? சென்னாக்கூனி வறுக்கும்போது வருகிற அதே வாசனை! வாசனை இருக்கிறது, கருவாட்டின் உப்பு இல்லை. நான் ஓடு வறுத்துக்கொண்டிருந்தபோது, படுத்திருந்த ஆயா எழுந்து சமையலறை வாசல்வரை வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கஞ்சி. அடி கனமான பாத்திரத்தில் வடித்த சாற்றையும் பாலையும் ஊற்றி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். எல்லாம் சேர்த்து அஞ்சு கப் அளவு வர வேண்டும், குறைந்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையை மழைத்தூறல் மாதிரித் தூவிக்கொண்டே, மறுகையால் கிளறுங்கள். முதல் தடவை நான் இதில்தான் சொதப்பினேன். அவசரத்தில் ஒரு கப்பையும் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டேன். கொழுக்கட்டை சைஸில் கட்டிகள். உள்ளே வேகாத மாவு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதைத் தறிப்பள்ளத்துல போட்டா ஊத்து நிக்கும்" என்றார். ரவையைக் கொஞ்சம் ஆறின நீரில் முன்பே கரைத்து ஊற்றினால் அந்த வம்பே இல்லை என்று பிறகு கற்றுக்கொண்டேன். நம் ஆயாக்கள் கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றுவது அதனால்தான்!

சின்னத் தீயில் 25 முதல் 30 நிமிஷம். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் அடி பிடிக்காமல் கிளறுங்கள். இறுகினால் வெந்நீர். சிலர் குக்கரில் வைக்கிறார்கள், நானும் வைத்துப் பார்த்தேன். வேகும், ஆனால் அந்த வழவழப்பு வரவில்லை. பட்டு நெசவில் பாவுக்கே தெருவில் விரித்துப் பொறுமையாகக் கஞ்சி போடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள், அரை மணி நேரம் கிளறுவதற்கா அலுத்துக்கொள்வோம்? கடைசியில் ஒரு டீஸ்பூன் நெய்யை ஊற்றி மூடிவிடுங்கள்.

கஞ்சி முக்கால் பதம் வரும்போது தொக்கை ஆரம்பித்தால் நேரம் சரியாக இருக்கும். நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் தக்காளி, மீதி உப்பு. எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வந்ததும் தீயைக் கூட்டி இறாலைப் போடுங்கள். இனிமேல் போனை எடுக்கக்கூடாது, கதவைத் தட்டினாலும் போகக்கூடாது. மூன்று நாலு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இறால் பிறை போல வளைந்து, உள்ளே கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாகிவிட்டால் பதம். மோதிரம் போலச் சுருண்டுவிட்டால் ரப்பர். அடுப்பை அணைத்து, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, மீதி நெய். எலுமிச்சையும் மிளகும் உப்புக் குறைவை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும்.

கிண்ணத்தில் கஞ்சி, நடுவில் குழி, அதில் தொக்கு, மேலே வெங்காயத்தாள். சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். சிலருக்கு இறால் ஒவ்வாமை உண்டு, தடிப்பில் தொடங்கி மூச்சுத்திணறல் வரை போகும். இந்தக் கஞ்சி பார்ப்பதற்கு வெறும் கஞ்சி மாதிரி இருந்தாலும் இறால் சாற்றில் வெந்தது. 'எனக்கு இறால் வேண்டாம், கஞ்சி மட்டும் போதும்' என்று விருந்தாளி சொன்னால் ஏன் என்று கேட்டுவிட்டே பரிமாறுங்கள்.

புரட்டாசிக்கு என்ன செய்வது?

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் முடியுமா? வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகும் அந்த இட்லியின் வாசனை மிளகு, சீரகம், சுக்கு, நெய் நான்கிலிருந்தும் வருகிறது. அதே நான்கையும் நெய்யில் பொரித்துச் சோளக் கஞ்சியில் கொட்டினால் பிரமாதமாக இருக்கிறது. நான் உற்சாகத்தில் அதை இறால் கிண்ணத்திலேயே ஊற்றப் போனேன். ஆயா கையைப் பிடித்துவிட்டார். "அது பெருமாள் தாளிப்புடி. இறாலோட சேக்காத." சரி என்று இரண்டு பாத்திரமாகப் பிரித்துவிட்டோம். புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமையிலும் வெந்நீரிலும் பாலிலும் வேகவைத்த கஞ்சிக்கு இந்தத் தாளிப்பு, கூடவே இறாலுக்குப் பதில் மிளகு போட்டு வதக்கிய காளான். பில் நீல் செய்ததிலும் காளான் உண்டு என்பதால் மரபு மீறல் என்று அமெரிக்கக்காரர்களும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மிஞ்சிய கஞ்சியை இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தட்டில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் மைசூர்பாகு போல இறுகியிருக்கும். துண்டு போட்டுத் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுகவிட்டால் டிபன் ரெடி. அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் இப்படியேதான் செய்கிறார்கள்.

முதல் தடவை நாங்கள் இதைச் செய்த சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. கரன்ட் போய் வந்துகொண்டிருந்தது. அப்பா ஒரு மூடை போட்ட தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார். ஆயா முதல் வாயை ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"நம்ம நொய்க் கஞ்சி மாதிரிதான்டி இருக்கு. எதுக்கு மஞ்சளா கெடக்கு?"

"சோளம் ஆயா."

"உப்பு கம்மி." அடுத்த வாய். "பரவால்ல." அடுத்த வாய்.

அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டோம். அவளுக்கு அங்கே காலை நேரம். ஆயா போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அந்த ஊரில் இதை யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டார். வலைக்காரங்க, பண்ணையாளுங்க, மில்லுக்காரங்க என்று அக்கா சொன்னாள்.

"மில்லா? என்னா மில்லு?"

சார்லட்டைச் சுற்றி முழுக்கத் துணி மில்லுகள் இருந்தன என்று அக்கா விளக்கினாள். பக்கத்தில் கன்னாபொலிஸ் என்று ஒரு ஊரே துண்டும் படுக்கை விரிப்பும் நெய்துதான் பிழைத்தது. 2003 ஜூலையில் அந்த மில்லை நடத்திய பில்லோடெக்ஸ் கம்பெனி மூடியபோது, வட கரோலினாவில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரேயடியாக வேலை போனது. அக்காவை முதன்முதலில் இந்தக் கஞ்சி சாப்பிட அழைத்துப் போன பக்கத்து வீட்டு அம்மாவும் ஒரு காலத்தில் மில்லில் வேலை பார்த்தவராம்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா தலையைத் தூக்கவே இல்லை, கிண்ணத்தின் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா இப்ப என்னா பண்ணுது?" என்றார் ஆயா.

"வீட்லதான் இருக்காங்க ஆயா. பென்ஷன் வருது."

"சாப்டுதா?"

"ம்… நல்லா சாப்பிடுவாங்க."

ஆயா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் ஒரு கரண்டி ஊத்து. இறாலு வேணாம், அப்பனுக்கு வை."